நாலடி மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்ட்: சேலத்தில் எது சரி, ஏற்காட்டில் எது சரி

வீட்டில் நாலடித் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்யக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது, எந்த மரம் நல்லது என்பதை. மரக்கடையில் தேக்கு என்பார்கள். ஆசாரி வேம்பே போதும் என்பார். பிளைவுட் கடையிலோ, மரைன் பிளை இருக்கும்போது மரம் எதற்கு என்பார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாரம் தாங்காமல் நொறுங்கிய மர ஸ்டாண்டைக் காண்பது அபூர்வம். ஸ்டாண்ட் கெடுவது வேறு வழிகளில்: பக்கவாட்டில் ஆடி மூட்டு விட்டுப்போகிறது, மேல்சட்டம் மெல்ல வளைந்து தொட்டியின் அடிக்கண்ணாடியை இழுக்கிறது, அல்லது வெட்டுமுனை வழியாக ஈரம் ஏறி உள்ளே உளுக்கிறது. மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பூச்சைத் தேர்ந்தெடுப்பதும் இந்த மூன்றையும் தடுக்கத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றடி வரையிலான தொட்டி என்றால் 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டியாகச் செய்யுங்கள், மரச்சட்டம் தேவையில்லை. நாலடி என்றால் வேம்பு அல்லது சால் சட்டத்தில் கூடு கட்டி, பின்புறமும் பக்கங்களும் 9 மி.மீ. பிளை அறைவது எங்கள் தேர்வு. ஏற்காட்டு வீட்டுக்கானால் அதே கூட்டைச் சேலத்தில் செய்து, பூச்சும் இங்கேயே முடித்து, போல்ட்டைக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டுவது நல்லது. ஏன் என்பதற்குத்தான் மற்ற எல்லாம்.

எவ்வளவு பாரம்

4 × 1½ × 1½ அடி தொட்டி விளிம்பு வரை சுமார் 255 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. அடி, நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து 52 கிலோ வரும். இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல் போட்டால், அது விலக்கும் தண்ணீரைக் கழித்த பிறகும் இருபது கிலோவுக்குக் குறையாமல் கூடும். மூடி, விளக்கு, ஃபில்டர் எல்லாம் சேர்த்தால் 340, 350 கிலோ. ஸ்டாண்டின் எடையையும் சேர்த்தால் தரைக்கு இறங்குவது ஏறக்குறைய 400 கிலோ.

இது கூட்டில் நிற்கும் கால்களுக்குப் பெரிய பாரமே இல்லை. 3 × 2 அங்குலக் கட்டை நெட்டுக்குத்தாக நின்றால் ஒரு காலே பல நூறு கிலோவைத் தாங்கும். கவனிக்க வேண்டியது படுக்கைச் சட்டம். நாலடி நீளத்துக்கு நடுவில் கால் இல்லாமல் 3 × 2 வேப்பஞ்சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால், பாதிப் பாரத்தில் அது சுமார் 3 மி.மீ. வளையும். 4 × 2 போட்டால் ஒன்றேகால் மி.மீ. மரம் நாளாக நாளாக இன்னும் தழையும் என்பதால் இந்த அளவு அப்படியே நிற்காது. நடுவில் ஒரு கால் வைத்துவிட்டால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதாவது 3 × 2 சட்டத்திலேயே 0.2 மி.மீ. நடுக்கால் வைக்க ஆகும் கட்டை முன்னும் பின்னுமாக நாலேகால் அடிதான். "கதவு திறந்தால் நடுவில் கால் தெரியும்" என்று அதை விட்டுவிடுகிறவர்கள் பிறகு தடிமனான சட்டத்துக்குச் செலவழிக்கிறார்கள். விடாதீர்கள்.

மூன்று கட்டுமானங்கள்

முழுப் பிளைவுட் பெட்டி: ரம்பமும் டிரில்லும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியது. மேல்பலகை பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். பக்கங்களுக்கு நடுவே செருகி ஸ்க்ரூவில் தொங்கக்கூடாது. இந்த ஒன்றை மாற்றிச் செய்த பெட்டிதான் பெரும்பாலும் விரிகிறது, ஏனென்றால் பாரம் முழுவதும் ஸ்க்ரூவின் தண்டில் இறங்கி, அது பிளையின் அடுக்குகளைப் பிளக்கிறது. பின்பலகை முழுசாக இருக்க வேண்டும். குழாய்க்கும் ஒயருக்கும் ஓட்டை போடுவதானால் நான்கு அங்குலத்துக்கு வட்டமாகப் போடுங்கள். மூலைகள் கூரான சதுரத் துளையில் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். நாலடிப் பெட்டிக்கு நடுத்தடுப்பும் கதவும் சேர்த்து ஒன்றரை ஷீட் ஆகிறது. கடையில் இரண்டு ஷீட் வாங்க வேண்டியிருக்கும். 18 மி.மீ. ஷீட் ஒன்று முப்பத்தைந்து கிலோ வரை இருக்கும் என்பதால் செய்து முடித்த பெட்டியை இரண்டு பேர் தூக்குவதே சிரமம். மூன்றடிக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. அதனால்தான் அங்கே இதையே சொல்கிறோம்.

மரக்கூடும் பிளை உறையும்: பாரத்தை மரம் தாங்கும், ஆட்டத்தைப் பிளை தடுக்கும். பின்பலகை இடவல ஆட்டத்தையும், பக்கப் பலகைகள் முன்பின் ஆட்டத்தையும் பிடித்துக்கொள்கின்றன. வெறும் கூட்டைக் கட்டி "பலமாகத்தான் இருக்கிறது" என்று தொட்டியை ஏற்றுவது ஆபத்து. குழந்தை சாய்ந்தால், துடைப்பவர் கை ஊன்றினால் நான்கு மூட்டும் ஒரே பக்கம் சாயும். 350 கிலோ மேலே இருக்கும்போது அந்தச் சாய்வு திரும்புவதில்லை. 30 அங்குல உயரத்தில் நாலடிக்கு வேண்டியவை: நீளச்சட்டம் 4 அடி நான்கு, குறுக்குச்சட்டம் நாக்கோடு (மூட்டுத் துளைக்குள் நுழையும் முனை) சேர்த்து 16 அங்குலம் ஆறு, கால் நாக்கோடு 25¼ அங்குலம் ஆறு. எல்லாம் 3 × 2. கூட்டினால் முப்பத்தேழு அடிக்குச் சற்றுக் குறைவு. 3 × 2 கட்டை 24 அடி ஒரு கன அடி என்பதால், ஒன்றேமுக்கால் கன அடி கேட்டு வாங்கினால் சேதாரம் போகச் சரியாக இருக்கும். இதோடு 18 மி.மீ. ஷீட் ஒன்று (மேல்பலகை, கீழ்த்தட்டு, இரண்டு கதவு), 9 மி.மீ. ஷீட் ஒன்று (பின்புறம், இரு பக்கம், மிச்சம் இருக்கும்). சீவிய பிறகு 2 அங்குலம் என்பது ஒன்றேமுக்காலாகிவிடும்; குறுக்குச்சட்டத்தின் நீளத்தை அதற்குப் பிறகு அளந்துதான் வெட்ட வேண்டும்.

பேக்கிங் பைன்: இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளையும் பேலட்டுகளையும் பிரித்து விற்கும் கட்டை. விலை மலிவு, சீவச் சுகம், பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். முத்திரை பார்த்து வாங்குங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய்க் கறை, ரசாயனக் கறை உள்ளதையும் ஒதுக்குங்கள். ஆணித் துளைகளும் கணுக்களும் உள்ள துண்டுகளைக் குறுக்குக்கு வைத்துக்கொண்டு, நீளச்சட்டத்துக்குக் கணுவில்லாததாகப் பொறுக்க வேண்டும். நீளச்சட்டத்தின் நடுவில், அடி விளிம்பில் கணு இருந்தால் அங்கேதான் முறியும். கரையானுக்கு இது இனிப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

கடையில் கிடைக்கும் பார்ட்டிகிள் போர்டு டி.வி. மேசையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது சிந்தினால் போதும், விளிம்பு உப்பும். உப்பிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது, பலமும் திரும்பாது. எம்.டி.எஃப். கதையும் அதேதான்.

எந்த மரம்

தேக்கு சுருங்குவதும் விரிவதும் குறைவு, கரையானும் எளிதில் தொடாது. ஆனால் அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுக்கும் இடைஞ்சல், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பூச்சு உரியும். இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரம் பட்ட இடத்தில் கறுப்புக் கறை ஓடும். பிளை மூடி மறைக்கப் போகும் கூட்டுக்குத் தேக்கு வாங்குவது வீண். மரத்தின் அழகு வெளியே தெரிய வேண்டும் என்றால் கதவுச் சட்டத்துக்கும் மேல்விளிம்புப் பட்டைக்கும் மட்டும் வாங்குங்கள். அரைக் கன அடிகூடத் தேவைப்படாது.

வேம்பு எங்கள் முதல் தேர்வு. கனமான மரம், துளைக்கும் வண்டுக்குப் பிடிக்காதது, சேலத்தைச் சுற்றி எந்த அறுவை மில்லிலும் கிடைப்பது. குறைகள் இரண்டு. நார் எதிரெதிராக ஓடுவதால் இழைப்புளி பிய்த்து எடுக்கும். கூர் தீட்டிய அலகில் மெல்லிசாகச் சீவ வேண்டும், கடைசியில் உப்புத்தாள்தான் சமன்செய்யும். இரண்டாவது, பச்சையாக அறுத்த வேம்பு காயும்போது திருகும். அறுத்து ஆறு மாதமாவது நிழலில் அடுக்கிக் காய்ந்த கட்டையாகக் கேளுங்கள். மில்லில் "காய்ஞ்சதுதாங்க" என்பார்கள். ஒரு துண்டை வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது. இதற்கு ஈரமானி தேவையில்லை.

மலேசியா சால் கடைகளில் அளவாக அறுத்தே கிடைக்கிறது. நேரான நார், வேம்பைவிட விறைப்பு அதிகம், கனமும் அதிகம். ஸ்க்ரூவுக்கு முன்துளை போடாவிட்டால் பிளக்கும். அவசரமாகச் செய்ய வேண்டியவருக்கு இதுதான்.

மாமரம் இந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதால் பலருக்கு ஆசை வரும். பொடிவண்டு மிக விரும்பும் மரங்களில் அது ஒன்று. கீழே மாவு மாதிரி தூள் கொட்டத் தொடங்கும்போது தொட்டியை இறக்கி வைத்து ஸ்டாண்டை மாற்ற எவருக்கும் பொழுது இருக்காது. தவிர்க்கவும்.

சில்வர் ஓக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்காட்டில் கைக்கெட்டும் மரம் அதுதான். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு, அதன் மேல் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். ஆரப்போக்கில் அறுத்தால் பலகையில் வலைப்பின்னல் போல மின்னும் கோலம் வரும். அந்த அழகு வேறு எந்த மலிவு மரத்திலும் இல்லை. ஆனால் எடை நடுத்தரம், கரையானையும் பூஞ்சையையும் எதிர்க்கும் தன்மை குறைவு, தரையோரம் ஈரத்தில் நின்றால் சீக்கிரம் மக்கும். அதனால் கதவுப் பலகைக்கு எடுங்கள். காலுக்கும் அடிச்சட்டத்துக்கும் வேண்டாம். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பில்லோடு விற்கும் இடத்திலேயே வாங்குங்கள், கீழே கொண்டுவரும்போது கேள்வி வராது.

பிளைவுட்டில் குழம்ப ஒன்றுமில்லை. ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 710 முத்திரை உள்ளது மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடாத பசை. ஐ.எஸ். 303-இல் இரண்டு வகை: பி.டபிள்யு.ஆர். என்றால் சமையலறை அளவுக்கு ஈரம் தாங்கும், எம்.ஆர். என்றால் வெறும் காற்றின் ஈரப்பதம் மட்டும் தாங்கும். மீன் தொட்டிக்கு எம்.ஆர். கூடாது. மேல்பலகையும் கீழ்த்தட்டும் 710-ஆக இருக்கட்டும். பின்பலகைக்கும் பக்கத்துக்கும் பி.டபிள்யு.ஆர். போதும். முத்திரை ஷீட்டின் முகத்தில் இருக்க வேண்டும், பில்லில் மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

சேலமும் ஏற்காடும் ஒரே ஈரமல்ல

இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுதான். ஆனால் மரத்துக்கு அது வேறு நாடு. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் இடத்தில் வைத்த மரம் ஏழரை சதவீத ஈரத்தில் நிலைக்கும், 65-இல் பன்னிரண்டு, 85-இல் பதினெட்டு. சித்திரை வெயிலில் சேலத்துக் கூடம் முதல் எண்ணை நெருங்கும். மூடுபனி நாட்களில் ஏற்காட்டு வீடு கடைசி எண்ணைத் தாண்டும். நாலு அங்குல அகலப் பலகையில் நான்கு சதவீத ஈரம் மாறினால் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம் மாறும். நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு.

ஆகவே ஏற்காட்டில் அறுத்த பலகையை நேரே சேலத்தில் கதவாகச் செய்தால் கோடையில் மூட்டு விரியும். சேலத்துக் கோடையில் இறுக்கமாகப் பொருத்திய கதவு ஏற்காட்டு மழைக்காலத்தில் சிக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் பிரச்சினை இல்லை. சட்டத்துக்குள் மரப்பலகை செருகும் கதவானால் பலகையைக் காடியில் ஒட்டாமல் மிதக்க விட வேண்டும். ஒட்டினால் பலகை நடுவே பிளக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர் பிளைக் கதவு போடலாம், பிளை அசைவதில்லை.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதற்கான கூட்டில் இரண்டு பக்கச் சட்டங்களையும் பிளையோடு ஒட்டி முழுதாகச் செய்துவிடுங்கள். நான்கு நீளச்சட்டங்களும் 8 மி.மீ. போல்ட்டில் பூட்டட்டும், மூட்டுக்கு இரண்டு. நடுக்கால்களைப் போய்ச் சேர்ந்ததும் செருகி ஸ்க்ரூ போடலாம். பின்பலகைக்கு அங்கே பசை இல்லாமல் ஸ்க்ரூ மட்டும், நான்கு அங்குலத்துக்கு ஒன்று. சின்ன வண்டியில் படுக்க வைத்துக் கட்டினால் வளைவுகளில் மூட்டு அசையாது.

மூட்டும் அடியும்

ஒரு கட்டையில் துளை பொளித்து மற்றதில் நாக்கு விட்டுப் பூட்டுவது ஆசாரி வேலை. பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படிய வைப்பது வீட்டில் முடியும் வேலை. இரண்டுமே நல்லவை. முனையை முனையோடு முட்ட வைத்து இரும்பு எல்-பட்டை அடிப்பது மட்டும் வேண்டாம். பாதி வெட்டு மூட்டானால் மேல்சட்டம் காலின் தோள்மேல் உட்காரும்படி வெட்டுங்கள், பாரம் மரத்திலிருந்து மரத்துக்கே இறங்கும். அந்த மூட்டில் கால் சட்டத்தின் உயரத்துக்குள் ஏறுவதால், கால் நீளத்தை மேலே சொன்ன கணக்கிலிருந்து எடுக்காமல் தனியாக அளக்க வேண்டும். ஆறு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, ஒரே கோட்டில் அறுப்பது முக்கியம். ஒரு கால் 1 மி.மீ. குறைந்தாலும் மேல்பலகை முறுக்கிக்கொள்ளும்.

பசைக்கு ஃபெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் வகை. வெள்ளைச் சாதாரணப் பசை ஈரத்தில் இளகும். பிளை அறைய 8 நம்பர், ஒன்றேகால் அங்குலத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ஆறு அங்குலத்துக்கு ஒன்று.

வீட்டைத் தினம் ஈரத்துணியால் துடைக்கிறோம். அடிச்சட்டம் தரையைத் தொட்டால் அந்த ஈரம் முழுவதும் அதற்குத்தான். ஒவ்வொரு காலுக்கும் நேர் கீழே 3 × 2 அங்குலத்தில், 10 மி.மீ. கனப் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். காய் நறுக்கும் வெள்ளைப் பலகையை அறுத்தால் ஆறும் கிடைக்கும். வைக்கும் இடத்தில் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். கொடகொடவென்று சத்தம் வந்தால் அடியில் சாந்து இல்லை. அந்த டைல் உடையும்.

மாடி வீடானால் சுவரோரம், முடிந்தால் பீம் ஓடும் இடத்தின் மேல். வீட்டு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது இருநூறு கிலோ. நாலடித் தொட்டி அரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் நானூறு கிலோவை இறக்குகிறது. தளம் பாரத்தைப் பரப்பிக்கொள்ளும் என்றாலும் அறையின் நட்டநடுவில் வைப்பது சரியல்ல.

பூச்சு

மரத்தைவிட இங்கேதான் வித்தியாசம் தெரியும். எந்தப் பூச்சானாலும் முதல் கவனம் வெட்டுமுனைகளுக்கு. மரத்தின் முனை நார் ஈரத்தை உறிஞ்சும் வேகத்தோடு ஒப்பிட்டால் முகப்பு ஒன்றுமே இல்லை. பிளையின் விளிம்பும் அப்படியே. கூட்டை மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு முனைக்கும் பூச்சு இரண்டு கை கொடுத்துவிட வேண்டும். பசை படும் பரப்பை மட்டும் விட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு பிரஷ் அங்கே போகாது.

பிரெஞ்சு பாலிஷ் அரக்கில் செய்வது. தண்ணீர் நின்றால் வெளுக்கும். ஸ்டாண்டுக்கு ஒத்துவராது. ஆளி விதை எண்ணெய் மரத்தை அழகாகக் காட்டும், ஆனால் தண்ணீரைத் தடுப்பதில்லை, ஏற்காட்டுப் பனியில் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், விரித்துக் காயவைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும்.

கோபால் வார்னிஷ் மலிவு, பிரஷ்ஷால் யாரும் அடிக்கலாம். மூன்று கை அடித்தால் சிந்தும் தண்ணீரைத் தாங்கும். மஞ்சளாகும், இரண்டு மூன்று வருடத்தில் விளிம்புகளில் உதிரும், திரும்ப அடிக்க வேண்டும். வருடாவருடம் பார்த்துக்கொள்ள முடிகிறவருக்கு இது மோசமான தேர்வல்ல. வர்ண எனாமலும் இந்த வரிசைதான்: பிரைமர் ஒரு கை, பட்டி, எனாமல் இரண்டு கை. பைன் கூட்டுக்கு எனாமல் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் ஆணித் துளைகளை மறைக்கிறது.

மெலமைன் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் ஈரக் காற்றில் அடித்தால் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சேலத்தில்கூட இது நடக்கிறது. ஏற்காட்டில் வறண்ட மாதங்களில் உச்சிப்பொழுது தவிர மற்ற நேரம் முயல வேண்டாம். காரமான நெடியும் சில நாள் நிற்கும்.

இரண்டு டின் கலக்கும் பி.யு.தான் எங்கள் தேர்வு. தண்ணீர், உப்பு, வினிகர் எதற்கும் அசையாது. 120, 180, 240 என்று உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பி.யு. சீலர் இரண்டு கை, நடுவே 320-இல் மெல்லத் தேய்த்து, மேல்பூச்சு இரண்டு கை. கலவை விகிதம் டின்னில் போட்டபடிதான். கண்ணளவில் ஹார்ட்னரைக் குறைத்தால் காயாமல் நிற்கும், கூட்டினால் நொறுங்கும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் அரை லிட்டருக்கு மேல் ஒருமுறை கலக்காதீர்கள். சேலத்துக் கோடையில் மதியம் அடித்தால் மேலே சீக்கிரம் காய்ந்து உள்ளே குமிழ் நிற்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது நல்ல நேரம். ஸ்ப்ரே செய்தால் ரசாயனம் வடிகட்டும் முகமூடி கட்டாயம், துணி மாஸ்க் போதாது.

உள்புறத்துக்கு, முக்கியமாகக் கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) வைக்கிறவர்களுக்கு, எபாக்சி இரண்டு கை. கதவு மூடிய பெட்டிக்குள் சம்ப் ஓடினால் அங்கே எப்போதும் ஈரக் காற்றுதான். பின்பலகையின் அடியிலும் மேலிலும் இரண்டு அங்குல அகலத்தில் இரண்டிரண்டு காற்றுத் துளை வையுங்கள், துளை விளிம்புக்கும் எபாக்சி தடவுங்கள். கீழ்த்தட்டின் சுற்றோரத்தில் சிலிக்கான் கோடு இழுத்துவிட்டால் சிந்தியது விளிம்புக்குள் போகாது.

பிளைப் பெட்டிக்கு மைக்கா ஒட்டுவதானால் வெளியே 1 மி.மீ., உள்ளே 0.8 மி.மீ., இரு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு வில்லாக வளையும். விளிம்புக்கு 2 மி.மீ. பி.வி.சி. பட்டை. மைக்கா முகப்பு எத்தனை வருடமும் இருக்கும். கெடுவது விளிம்பில் மட்டும்தான்.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் மேக்னசைட் கிடைக்கும் ஊர் இது. போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். தெறித்த துளி காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கறுப்பு, அடர்பழுப்பு நிறப் பளபளப்புப் பூச்சில் அது மிக நன்றாகத் தெரியும். வெளிர் நிறமோ பளபளப்பில்லாத பூச்சோ எடுத்தால் தினமும் துடைக்க வேண்டியதில்லை.

மீனைக் கொல்வது

பூச்சு தொட்டால் ஒட்டாது என்பதும் முழுதாகக் காய்ந்தது என்பதும் ஒன்றல்ல. பி.யு.வுக்குக் குறைந்தது ஏழு நாள், எனாமலுக்கு இரண்டு வாரம், ஏற்காட்டில் இன்னும் கூடுதல். ஸ்டாண்டின் உள்ளே ஏர் பம்ப் வைப்பது வழக்கம். கதவு மூடிய பெட்டிக்குள் தின்னர் நெடி இருந்தால், பம்ப் அந்தக் காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். உள்ளே முகர்ந்து பார்த்து நெடி துளியும் இல்லாதபோதுதான் பம்பை உள்ளே வைக்கலாம்.

கரையானுக்கும் பொடிவண்டுக்கும் கடையில் தரும் மருந்துகள் பெரும்பாலும் மீனுக்கு மிகக் கொடிய விஷம்; மிகச் சிறு அளவே போதும். ஸ்டாண்டில் அவற்றைத் தடவாதீர்கள். பைன், சில்வர் ஓக் போன்றவற்றுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைப் பூச்சுக்கு முன் இரண்டு முறை தடவி, நன்றாகக் காயவிட்டு, மேலே பூச்சால் மூடுங்கள். மூடாவிட்டால் ஈரத்தில் அது கரைந்து வெளியேறிவிடும்.

ஏற்றும் நாள்

இடத்தில் வைத்து ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். நாலடிக்கு 2 மி.மீ. வித்தியாசம் பொறுக்கலாம். சரிசெய்வது ஸ்டாண்டின் காலுக்கு அடியில், பிளாஸ்டிக் ஆப்பு வைத்து. தொட்டியின் மூலைக்கு அடியில் எதையும் செருகக்கூடாது. அடுத்து மேல்பலகை: நேரான அலுமினியப் பட்டையை நெட்டாக நிறுத்தி, குறுக்கே, மூலைவிட்டமாக வைத்து, அடியில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். நடுவில் மேடிருந்தால் இழைத்துத்தான் ஆக வேண்டும். கார்டு கனத்துக்குப் பள்ளம் இருந்தால் தெர்மகோல் பார்த்துக்கொள்ளும். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டிக்கு 10 அல்லது 12 மி.மீ. தெர்மகோல் விரிக்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு விரிக்கக்கூடாது, பாரம் சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.

கூழாங்கல்லும் மீனும் இல்லாமல் முதலில் பாதி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் தொட்டியின் மேல்விளிம்புக்கும் இடையே நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். முழுதும் நிரப்பிய மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அதே இடங்களில் அளக்க வேண்டும். நான்கு அளவும் சமமாகக் கூடினால் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் 1 மி.மீ.க்கு மேல் மாறினால் அந்தக் கால் இறங்குகிறது. தொட்டியைக் காலி செய்து, டைல்ஸையும் அந்தக் காலின் மூட்டையும் பார்த்துச் சரிசெய்த பிறகு திரும்ப நிரப்புங்கள். தண்ணீரோடு இருக்கும் தொட்டியை நெம்பி ஆப்பு வைக்க முயன்றால் அடிக்கண்ணாடி குறுக்கே விடும்.